சும்மா நடப்பதற்கு ஒரு சங்கம்

எண்பதுகளில் சில வருடங்கள் நான் ஒரு சங்கத்துக்குத் தலைவியாக இருந்தேன். மாதர் சங்கம் என்றோ ஆசிரியர் சங்கம் என்றோ நினைத்துவிடாதீர்கள். நடப்பதற்கான சங்கம் அது. திருமானூரில் கொள்ளிடக் கரையில் தொடங்கி, அரியலூர்ப் பக்கத்து ஓடைகளில் இறங்கி ஏறி, முந்திரிக் காடுகளுக்குள் புகுந்து, ஜெயங்கொண்டம் தாண்டி மீன்சுருட்டி வரை ஒரு வழி. கூடியவரை தார் ரோட்டில் கால் படாமல் மூன்று நாள் நடக்கலாம். அந்த வழியைக் கண்டுபிடித்து, சரிசெய்து, ஆட்களை நடக்க வைப்பதுதான் சங்கத்தின் வேலை.

சங்கத்தைப் பதிவு செய்யப் போன இடத்தில் குமாஸ்தா எந்தக் கோயிலுக்கு நடக்கிறீர்கள் என்று கேட்டார். கோயில் இல்லை, சும்மா நடப்பது என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் சமயபுரத்துக்கு நடப்பார்கள், ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு நடப்பார்கள், பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடப்பார்கள். சும்மா நடக்கிறவனைப் பார்த்தால் வேலைவெட்டி இல்லாதவன் என்பார்கள்.

எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் பள்ளிக்கூட டீச்சர். ஒருநாள் மெட்ராஸிலிருந்து வந்த கல்லூரிக்காரர்கள் சிலர், கல்லாகிப்போன கடல் சிப்பிகள் கிடக்கும் ஓடைக்கு என்னிடம் வழி கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. ஓடை என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். எங்கிருந்தோ வருகிறவன் எல்லாம் பார்த்துவிட்டுப் போகிறான், பக்கத்தில் இருக்கிற நாம் பார்க்கவில்லையே என்று எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. எங்கள் டிரில் மாஸ்டரையும் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தவரையும் சேர்த்துக்கொண்டேன். மற்ற உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டதோடு சரி. எல்லாரும் நடக்க ஆரம்பித்துவிட்டால் உன் கடைக்குப் பஞ்சர் ஒட்ட யாரய்யா வருவான் என்று சைக்கிள் கடைக்காரரை ஊரே கேலி செய்தது.

வழி முழுவதும் அமைந்துவிட்டது. ஒரே ஓர் இடம்தான் இடைஞ்சல். ஓடையிலிருந்து ஜெயங்கொண்டம் பக்கம் போகிற ஒற்றையடிப்பாதை ஒரு முந்திரிக் காட்டின் நடுவே போனது. அந்தக் காடு இல்லையென்றால் தார் ரோடுதான். லாரிப் புழுதியில் நடப்பதற்கு யாரும் சங்கம் வைக்க வேண்டியதில்லை.

காட்டுக்குச் சொந்தக்காரி நாற்பது வயதுப் பெண். சின்ன வயதிலிருந்து அடுத்தவர் காட்டில் கொட்டை பொறுக்கி, களை வெட்டி வளர்ந்தவர். கணவர் நெய்வேலியில் வேலை பார்த்தார். இரண்டு பேரும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாங்கிய காடு அது. அவர்கள் வகையறாவிலேயே அதற்கு முன்பு யார் பெயரிலும் ஒரு குழி நிலம் கிடையாது. அப்படிப்பட்டவர், நாங்கள் போய்க் கேட்டதும், நடந்துவிட்டுப் போங்கள், பாதை என்ன தேய்ந்தா போகிறது என்று சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நாங்களும் அதைத்தான் செய்தோம். புது ஆட்கள் வழி தவறக் கூடாதே என்று, விளையாட்டு விழாவுக்குக் கோடு போட்டு மிஞ்சிய சிவப்புப் பெயிண்டை எடுத்துப் போய், வழி நெடுகக் கற்களில் அம்புக்குறி போட்டோம். அவருடைய எல்லைக்கல்லிலும் போட்டோம்.

அடுத்த வாரம் போனால் பாதையின் குறுக்கே ஆள் உயரத்துக்கு முள். எல்லைக்கல்லைத் தவிர, அங்கே நாங்கள் குறி போட்ட கற்கள் எல்லாம் ஓடைக்குள் கிடந்தன. அந்தப் பெண் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு எங்களை வாயில் வந்தபடி பேசினார். அந்தக் காலத்தில் அரியலூரைச் சுற்றிச் சிவப்புக் குறி விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நிலத்துக்கடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, சிமெண்ட் கம்பெனிக்கு அளந்தாகிவிட்டது. இன்று குறி, நாளை ஜீப், அப்புறம் நோட்டீஸ். இது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். ஆனால் பிரஷ் நம் கையில் இருந்ததால் அந்த நினைப்பே வரவில்லை. நாங்கள் கம்பெனி ஆட்கள், நடை என்பதெல்லாம் நாடகம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

முதல் நடைக்கு நாள் குறித்தாகிவிட்டது. டிரில் மாஸ்டர் ஒரு யோசனை சொன்னார்.

"மஞ்சத் துணி கட்டிக்கிட்டு சாமிக்குப் போறோம்னு சொல்லுவோம் டீச்சர். சாமிக்குப் போறவன யாரும் மறிக்க மாட்டாங்க. மஞ்ச வாணாம்னா உங்க மாதாவுக்கே போறோம்னு சொல்லிடுவோம்."

எனக்கு வந்த கோபத்தில், உங்களுக்கு வெயிலில் நின்று நின்று மூளை காய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். ஏற்கெனவே நம்மைப் புளுகர்கள் என்று நினைக்கிறவரிடம் போய் உண்மையாகவே புளுகுவதா? அதற்கு மாதாவையும் சாட்சிக்கு இழுப்பதா?

மறுநாள் காலையில் தனியாகப் போனேன். மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் கொண்டுபோய், அவர் கண் முன்னாலேயே எல்லைக்கல்லைத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனி இல்லை, கவர்மென்ட் இல்லை, சாமியும் இல்லை, நம் பக்கத்தை நாமே நடந்து பார்க்க ஆசை, அவ்வளவுதான் என்றேன். என்னத்தைப் பார்ப்பீர்கள் என்று கேட்டார். சிப்பிக் கல், முந்திரிப் பூ, கொள்ளிடத்துத் தண்ணீர் என்று வரிசையாகச் சொன்னேன். எதுவும் அவருக்கு ரசிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"பங்குனியில கொட்ட வுழ ஆரம்பிச்சா ஒரு ஆளு உள்ள வரக்கூடாது. குறியும் போடக்கூடாது டீச்சர். செவப்பு, பச்ச, எதுவும் வாணாம். எங்காட்டுக்குள்ள நானே முன்னால நடந்து கூட்டிட்டுப் போயி அந்தாண்ட வுட்டுடுறேன்."

சரி என்று வந்துவிட்டேனே தவிர, அன்றைக்கு அவர் வருவாரா என்று எனக்குச் சந்தேகம்தான். பொங்கல் கழிந்து நடை தொடங்கியது. ஒரு பஸ் கொள்ளும் அளவுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். வாத்தியார்கள், ஒரு கம்பவுண்டர், கல்லூரிப் பெண்கள், வேடிக்கை பார்க்க வந்து கூடவே நடந்துவிட்டவர்கள். இரண்டாம் நாள் காலை அந்தக் காட்டுக்கு வந்தோம். முள் அப்படியே இருந்தது. ஆளைக் காணோம். டிரில் மாஸ்டர் என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைத்துக்கொண்டேன்.

அப்புறம் கவைக்கோல் நுனி தெரிந்தது. முள்ளைக் கோலால் தள்ளி ஒதுக்கிக்கொண்டு அவர் வந்தார். தலை சீவி, கொடியிலிருந்து எடுத்த நல்ல சேலை கட்டியிருந்தார். கோலை வேலியில் சாத்திவிட்டு முன்னால் நடந்தார். மரமெல்லாம் பூத்து, காடே வாசனையாகக் கிடந்தது. கல்லூரிப் பெண்கள் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று நின்று வந்தார்கள்.

அவருடைய எல்லை வந்தது. நன்றி சொல்ல நான் முன்னால் போனேன். அவர் நிற்கவில்லை. அடுத்த காட்டுக்குள்ளும் நடந்துகொண்டிருந்தார். உங்கள் காடு முடிந்துவிட்டதே என்றேன். தெரியும் என்றார். ஆனால் நடை என்னவோ போல இருந்தது. ஒரு கை இடுப்பில், ஒரு கை தலைக்கு மேலே போய்ப் போய் இறங்கியது. உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பொறந்ததுலேந்து இந்தப் பாதையிலதான் நடக்குறேன். தலையில சொம இல்லாம நடந்ததே இல்ல. கைய எங்க வக்கிறதுன்னு தெரியல டீச்சர்."

வீசி நடங்க என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் வீசிப் பார்த்தார். அப்புறம், மறுநாள் மீன்சுருட்டி போய்ச் சேருகிற வரைக்கும் எங்களில் ஒருவராலும் அவரைப் பிடிக்க முடியவில்லை.