தண்ணீர் ஊற்றிய கொக்கி

எங்கள் வார்ப்பாலையின் சோதனைக்கூடத்தில் அவளுக்கு 'ஊசி' என்று பெயர். அவள் கருவியில் நான்கு ஊசிமுனைகள். அவற்றை உருக்கின் மேல் வைத்து மின்சாரம் செலுத்தி, மின்தடையைப் பார்த்து, அது அடி தாங்குமா, பட்டென்று முறியுமா என்று சொல்வாள். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்த உருக்குக்கு உள்ளே, அதில் கரைந்திருக்கும் கரியும் மற்ற உலோகங்களும் பிரிந்து திரிதிரியாகத் திரண்டுவிடுமாம். அதனால் தடை குறையும், முறியும் குணம் வரும்.

நான் அடுத்த மேசைக்காரன். துண்டு வெட்டி, சம்மட்டியால் உடைத்துப் பார்த்துச் சொல்கிறவன்.

"என்ன, நாடி பிடிச்சுப் பாக்குறியா?" என்று சீண்டுவேன்.

"நீங்க உடைச்சது திரும்ப வேலைக்குப் போகுமாண்ணா?" என்பாள்.

இரண்டு வருடம் மன்றாடி மேனேஜரைச் சம்மதிக்க வைத்தாள். உருகிய உருக்கைத் தூக்கும் கிரேன் கொக்கியை அவளிடம் கொடுத்தார்கள். இருப்பதே ஒன்று, வெட்ட முடியாது. அதன் கீழே நின்று வேலை செய்கிறவன் என் தம்பி. அவள் அளந்து, 'நன்றாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போட்டாள். கொக்கி மேலேறியது.

மறுநாள் டீ குடிக்கும்போது ஃபிட்டர் பெருமையாகச் சொன்னான்: "உலைப் பக்கத்துல கொக்கி சூடா இருந்துச்சு, உங்க கை சுடக் கூடாதுன்னு தண்ணி ஊத்தித்தான்க்கா கொண்டாந்தேன்."

அவள் டம்ளரை வைத்துவிட்டாள். மேற்பரப்புதான் ஆறியிருந்தது. உள்ளே சூடு இருந்தால் தடை கூடிக் காட்டும். கெட்டுப்போனதும் நல்லதாகத் தெரியும். நேரே மேனேஜரிடம் போனாள்.

"கொக்கிய இறக்குங்க சார். நான் அளந்தது தப்பு."

"அப்ப உன் கருவிய இனி யாரு நம்புவா?"

"நம்ப வேணாம் சார். இறக்குங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் கருவி தோற்றதில் எனக்கு முதலில் உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. தம்பி ஞாபகம் பிறகுதான் வந்தது.

இறக்கி, ஒரு நாள் முழுக்க ஆறவிட்டு அளந்தாள். தடை எக்கச்சக்கமாகக் குறைந்திருந்தது. பழைய கொக்கி இனி ஏறாது என்றானதும், அதிலேயே துண்டு வெட்டி உடைத்தேன். கொஞ்சம்கூட வளையாமல் பிஸ்கட்போல் முறிந்தது.

"இதையா நல்லாருக்குன்னு சொன்னேன்?" என்று அழுதாள். அவள் உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் தம்பி சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். "புதுக் கொக்கி வர்ற வரைக்கும் லீவுண்ணா. ஊசியக்கா தப்பா அளந்துட்டாங்களாமே?"

அறையத்தான் கையை ஓங்கினேன். கட்டிப்பிடித்துக்கொண்டேன்.