தோற்ற லயத்துத் தேத்தண்ணி

வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளை. கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆட்டங்களில் என்னோடு கொடி பிடிக்கும் டேவிட்டிடமிருந்து அழைப்பு. வகுப்பு நேரத்தில் தொலைபேசியை எடுக்கிறவள் அல்ல நான். மூன்றாவது தடவையும் அடிக்கவே, எரிச்சலோடு வராந்தாவுக்குப் போய் எடுத்தேன். "டீச்சர், தவராசா சார் போயிட்டாருங்க. கந்தோருக்குக் கெளம்புனவரு, நெஞ்சப் புடிச்சிக்கிட்டு வாசல்லயே உக்காந்துட்டாராம்" என்றார்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. 'ஐயோ, ஞாயிற்றுக்கிழமை விசிலுக்கு யார்?' என்றுதான் மனம் பதறியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இந்த அஞ்சலியில், அவரை அறிந்த உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அவராக இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தவராசா பதுளையில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுத்துவேலை பார்த்த லிகிதர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஞாயிறு வந்தால் தோட்டங்களுக்கிடையிலான உதைபந்தாட்டம்தான் அவருக்கு உலகம். ஆடுவதற்கு நம் மலைகளில் ஆள் பஞ்சமே கிடையாது. விசில் ஊதத்தான் ஆள் இல்லை. யாராவது வருவார்கள், இரண்டு ஆட்டம் ஊதுவார்கள். மூன்றாவது ஆட்டத்தில் எவனாவது தாய் தகப்பனை இழுத்துத் திட்டுவான், அத்தோடு சரி. விசிலைக் கொண்டுவந்து அவர் வீட்டு மதிலில் வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போனவர்களும் உண்டு. ஆள் பிடிப்பது, பிடித்த ஆளை ஓடாமல் வைத்திருப்பது, இரண்டையும் கடைசிவரை தனியாளாகச் செய்தார்.

என்னைப் பிடித்தது ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு மைதானத்தில். நான் வேடிக்கை பார்க்கப் போனவள். தடுப்பாட்டக்காரன் ஒருவன் பந்தைக் கையால் தட்டினான். நடுவராக நின்ற தவராசா ஊதவில்லை. எனக்கு வந்ததே கோபம்! "கண்ணு என்னா பொடனியிலயா இருக்கு?" என்று கோட்டோரத்தில் நின்று கத்திவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் மனிதர் நேராக என்னிடம் வந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன்.

"ரீச்சர், அந்தப் பந்து கையில பட்டதோ, தோளில பட்டதோ?"

"கையிலதான். முழங்கைக்குக் கீழ. நல்லாப் பாத்தேன்."

"எனக்கு மறைச்சுப்போட்டுது. அடுத்த கிழமை கொடி பிடிக்க வாங்கோ."

"நானா? நான் பொம்பள சார். போதாததுக்கு வாய் வேற நீளம்."

"வாய் நீளமான ஆக்கள்தான் நிலைச்சு நிப்பினம். மற்றவை வீட்டை போய் அழுதுபோட்டு அடுத்த கிழமை வராமல் விட்டிடுவினம்."

போனேன். போன அன்றே அவருடைய விசித்திரமான சட்டம் ஒன்று தெரியவந்தது. ஆட்டம் முடிந்ததும் விசில்காரரும் கொடிக்காரர்களும் தோற்ற அணி குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் போக வேண்டும். அங்கே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வீடு திரும்பலாம். தோற்றது வந்த அணி என்றால் அவர்களுடைய லொறியிலேயே ஏறி அவர்கள் தோட்டத்துக்குப் போக வேண்டும். லொறி முழுக்க முறைத்துக்கொண்டு நிற்பார்கள். நடுவில் நாம்.

"இது என்ன சார் கூத்து? ஜெயிச்சவங்க கூப்பிட்டா போலாம், சோறாவது போடுவாங்க" என்று சண்டை பிடித்தேன்.

"வெண்டவன் உங்களை அந்த இடத்திலேயே மறந்துபோவான். தோத்தவன்தான் கிழமை முழுக்க உங்களை நினைச்சுக்கொண்டு இருப்பான். முகத்தைக் காட்டிப்போட்டு வந்தால் மனிசராய் நினைப்பான். இல்லாட்டில் வேற என்னவாயும் நினைப்பான்" என்றார்.

அந்தச் சட்டத்தின் கனம் எனக்குப் புரிந்த நாளைச் சொல்ல வேண்டும். முதன்முறையாக நடுவிசிலை என்னிடம் தந்திருந்தார். அதே ஸ்பிரிங்வெளிப் பக்கத்து மைதானம். நம் மைதானங்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கீழே இறங்கும் தேயிலை. பந்து தேயிலைக்குள் உருண்டால் அடித்தவனே இறங்கித் தேடி எடுத்து வரவேண்டும். அதுவரை நடுவர் கையில் கட்டிய மணிக்கூட்டை நிறுத்திவைப்பது நம் பக்கத்து வழக்கம். ஆட்டம் சமநிலை, முடியச் சில நிமிடங்களே இருந்தன. பந்து தேயிலைக்குள் போனது. நிறுத்தினேன். பந்து வந்தது. விசில் ஊதினேன். மணிக்கூட்டை மறுபடி ஓடவிட மறந்துபோனேன்.

ஓடுகிறேன், ஊதுகிறேன், கத்துகிறவர்களைப் பார்த்து முறைக்கிறேன். ஒரு கட்டத்தில் 'இன்னுமா முடியவில்லை?' என்று கையைப் பார்த்தேன். எண்கள் அசையாமல் நின்றன. விசிலை வாய்க்குக் கொண்டுபோகிறேன், வந்த அணி கோல் அடித்துவிட்டது. அது முடிந்துபோன ஆட்டத்தில் அடித்த கோல். அந்தக் கோலை மறுக்காமலே ஊதி முடித்தேன். வென்றவர்கள் குதிக்கிறார்கள், தோற்ற தோட்டத்துச் சனம் மைதானத்துக்குள் இறங்குகிறது. தவராசா அன்று கோட்டோரம் நின்று இன்னொரு மணிக்கூட்டில் நேரம் பார்த்தவர். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "ரீச்சர், என்ர மணிக்கூடும் உங்கட மணிக்கூடும் ஒத்துப்போகேல்லை." என்ன செய்வது என்று சொல்லவில்லை. கொன்றுபோடலாம் போல இருந்தது எனக்கு.

லயத்துக்குப் போகும் படிகளில் அவர் பின்னால் நடந்தேன். அணித்தலைவரின் வீட்டில் உட்காரப் பலகை போட்டார்கள். பால் விடாத வெறுந்தேத்தண்ணியும், கடித்துக் குடிக்கக் கையில் கொஞ்சம் சீனியும். வாசலை அடைத்துக்கொண்டு ஆட்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. குடித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். தவராசா தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த சீனி வியர்வையில் கரைந்து ஒழுகியது.

"நேரம் முடிஞ்சப்புறந்தான் அந்தக் கோல். நான் மணிக்கூட்ட ஓடவிட மறந்துட்டேன். என் பிழைதாங்க" என்றேன்.

பின்னாலிருந்த ஒருவர் கையிலிருந்த தேத்தண்ணியை முற்றத்தில் வீசி ஊற்றினார். ஒரு பெண், "படிச்ச டீச்சருக்கு மணி பாக்கத் தெரியல, நம்ம புள்ளைங்களுக்கு என்னாத்தச் சொல்லிக் குடுக்குது?" என்றார். அது குத்திய இடம் இன்னும் வலிக்கிறது. யாரோ என் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். அணித்தலைவர் இடையில் வந்து நின்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "ஊதுன விசில திருப்பி வாங்க முடியாது. போங்க டீச்சர். ஆனா மறுபடி வாங்க. பிழை விட்டுட்டு வந்து சொன்ன ரெஃப்ரிய நாங்க பாத்ததே இல்ல" என்றார்.

பஸ்ஸில் வரும்போது, "இனி நான் வரமாட்டேன் சார். என்னை விட்டுடுங்க" என்று அழுதேன். தவராசா ஆறுதல் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு ஆறுதல் சொல்லவும் வராது, பாராட்டவும் வராது. அதனாலேயே நல்ல இரண்டு மூன்று பேர் கோபித்துக்கொண்டு போனார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஜன்னலைப் பார்த்தபடி, "பிழை உங்கட. விசில் எங்கள் எல்லாருக்கும் பொது. அடுத்த கிழமை கொண்டுவாங்கோ" என்றார். கொண்டுபோனேன்.

பிறகு ஒரு நாள், அதே போன்ற ஒரு பஸ் பயணத்தில், கேட்காமலே ஒன்று சொன்னார். அவர் இறப்பதற்கு இரண்டு கிழமைக்கு முந்தித்தான். ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டம். அவர் இங்கே வந்த புதிதில் அங்கே தனியாளாக ஊதப் போயிருக்கிறார். கடைசி நேரத்தில் அந்தத் தோட்டத்து அணிக்கு எதிராகவே பெனல்டி கொடுத்தார். தோற்றார்கள். லயத்துப் பக்கமிருந்து நாலைந்து பேர் கையை ஆட்டிக் கத்திக்கொண்டு அவரை நோக்கி வந்தார்கள். "நான் ஓடினனான், ரீச்சர். தேயிலைக்குள்ளால விழுந்தடிச்சு றோட்டுக்கு ஓடி, வந்த பஸ்ஸில ஏறிப்போட்டன். நான் சொன்ன கதையைக் கேட்டுப் பிறகு ஒருத்தரும் அங்கை ஊதப் போகேல்லை. ஊத ஆளில்லாமல் அந்த அணியே விளையாட்டை விட்டிட்டுது. அண்டைக்கு நிண்டு அந்தச் சனத்தின்ர முகத்தைப் பார்த்திருக்க வேணும்."

தேத்தண்ணிச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தத் தோட்டம் இந்த வருடம் மறுபடி அணி சேர்த்திருந்தது. முதல் ஆட்டம், அவர் போன வியாழனுக்கு அடுத்த ஞாயிறு, அவர்கள் மைதானத்தில். நடுவிசிலுக்குத் தன் பெயரைத்தான் எழுதியிருந்தார். கொடிக்கு நானும் டேவிட்டும். "இந்த முறை தேத்தண்ணி குடிச்சுப்போட்டுத்தான் வருவன்" என்றார்.

வெள்ளிக்கிழமை அவரை வைத்த பெட்டியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக வாகனம் நின்றது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்குமோ பிள்ளை? அதையேதான் சொல்லிக்கொண்டு இருந்தவர்" என்றார். அங்கேதான் நான் உடைந்து அழுதேன். "நடக்கும் அக்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் டேவிட் முகத்தைப் பார்த்தேன். டேவிட் பதுளையில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர், கொடி பிடிக்க வந்து நாலு கிழமை. "சார் இல்லாம அந்த எடத்துக்கு நான் வரலங்க டீச்சர். அவரே ஓடிவந்த எடம்" என்றார். கெஞ்சினேன், திட்டினேன், கடைசியில் ஒரே ஒரு ஆட்டம் என்று வந்தார். நடுவிசில் எனக்கு; மூன்றாவது ஆளாக அந்தத் தோட்டத்திலேயே ஒருவரைக் கொடி பிடிக்க வைத்தோம்.

மைதானத்தில் அவருக்காக எல்லாரும் ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். அப்புறம் ஆட்டம். தோட்டத்து அணி ஒரு கோல் பின்னால். முடியும் நேரத்தில் அடித்தார்கள் சமன் செய்யும் கோலை. மலையே அதிர்ந்தது. திரும்பிப் பார்க்கிறேன், டேவிட்டின் கொடி மேலே நிற்கிறது. ஓஃப்சைட். கோல் இல்லை என்று ஊதினேன். என்னுடைய விசில் சத்தம் எனக்கே கேட்கவில்லை, அவ்வளவு கூச்சல். ஆட்டம் முடிந்ததும் டேவிட் வண்டியை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். "டீச்சர், அது ஓஃப்சைட்தானான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. என்னால முடியாதுங்க. நான் வெலகிக்கிறேன்."

லயத்துப் பக்கமிருந்து ஆட்கள் கையை ஆட்டிக் கத்திக்கொண்டு வந்தார்கள். எனக்கும் ஓடிவிடத் தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன். டேவிட்டின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். "வெலகு. ஆனா தேத்தண்ணி குடிச்சிட்டு வெலகு."

முன்னால் வந்தவர் செல்லத்துரை. அந்தப் பழைய ஆட்டத்தில் தோற்ற அணிக்குத் தலைவராக இருந்தவராம், இப்போது தலை முழுக்க நரை. லயத்தில் உட்காரவைத்தார். டேவிட் கோப்பையைத் தொடாமல், "எனக்கு அது சந்தேகந்தாங்க. கண்ணுக்குத் தெரிஞ்சபடி தூக்கிட்டேன்" என்றார். வாசலில் முணுமுணுப்பு எழுந்தது. செல்லத்துரை கையமர்த்தினார். "சந்தேகம்னு ஒக்காந்து சொல்றியேப்பா. மொதல்ல குடி." பிறகு இன்னொரு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி என் முன்னால் வைத்தார். எனக்குத்தான் ஏற்கெனவே கொடுத்தாயிற்றே.

"இது யாருக்குங்க?"

"தவராசா சாருக்கு. அன்னைக்கி அவரு குடுத்த பெனல்டி சரியான பெனல்டிங்க. தனியா வந்த மனுசன், வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு தேத்தண்ணி ஊத்தி வச்சிட்டுக் கூப்புடப் போனோம். கூப்புடக் கூப்புட ஓடுறாரு! சார், சார்னு றோட்டு வரைக்கும் பின்னாலயே ஓடுனோம். பஸ்ஸுல ஏறிட்டாரு. ஊத்துனது அப்பிடியே ஆறிப்போச்சு."

அந்த இரண்டாவது கோப்பையையும் நானே குடித்தேன். ஆறுமுன் குடித்து முடித்தேன். திரும்பும் வழியில் டேவிட்தான் வண்டியை ஓட்டினார். பண்டாரவளை தாண்டியதும், "அடுத்த ஞாயிறு எங்கங்க டீச்சர்?" என்றார்.

சார், உங்களிடம் நான் சண்டைபிடித்ததெல்லாம் போதாது, இந்த ஒன்றைக் கேட்கவாவது நீங்கள் மூன்று நாள் பொறுத்திருக்கக் கூடாதா? உங்களுடைய விசில்காரர்களின் பெயர்ப் பட்டியல் இப்போது என்னிடம் இருக்கிறது. உங்கள் சட்டமும் அப்படியே இருக்கிறது. புதிதாக விசில் எடுக்கிற ஒவ்வொருவருக்கும் நீங்கள் சொன்னதோடு, நீங்கள் அறியாமல் போனதையும் சேர்த்துச் சொல்வேன்: முதுகுக்குப் பின்னால் யாராவது கத்திக் கூப்பிட்டால், ஓடுவதற்கு முன் ஒரு தரம் திரும்பிப் பாருங்கள். தேத்தண்ணிக்காகவும் இருக்கலாம்.