இருபத்தைந்தாம் திகதி மத்தியானம்

நாங்கள் சைவக்காரர். எங்களுக்கு என்ன நத்தார், கிறிஸ்மஸ்? ஆனால் லண்டன் தம்பிக்கும் பாரிஸ் தங்கச்சிக்கும் அது இல்லாமல் டிசம்பர் போகாது. போன வருடம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கனடாவுக்கு, பிக்கரிங்கில் என் வீட்டுக்கு வந்தார்கள். ஊரைவிட்டுப் பிரிந்த பிறகு, அம்மாவின் செத்தவீட்டுக்குக்கூட மூன்று பேரும் ஒன்றாய்ச் சேரவில்லை. ஒரு மேசையில் மூன்று பேரும் இருந்து ஒரு நேரம் சாப்பிடவேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

தம்பி லண்டன் முறையைச் சொன்னான். இருபத்தைந்தாம் திகதி மத்தியானம் வான்கோழி, தலையில் கடதாசிக் கிரீடம். தங்கச்சி பிரெஞ்சுக்காரரின் மரக்குற்றிக் கேக் செய்வதாய்ச் சொன்னாள். சரி, எல்லாம் கலந்து செய்வோம் என்றேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவளுக்கு நத்தாரன்று லீவு கிடைப்பது லேசில்லை. இன்னொருத்தியின் கையைக் காலைப் பிடித்து, அவளுடைய இருபத்துநாலாம் திகதி இரவு வேலையை நான் எடுத்து, அடுத்த நாளை வாங்கினேன். வான்கோழிக்கு மிளகும் உள்ளியும் பூசி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

இடைவேளையில் போனைத் திறந்தால் படங்கள். என் மேசை. இரண்டு பேர் தலையிலும் கிரீடம். வான்கோழியில் பாதி இல்லை, கேக்கும் வெட்டியாயிற்று. கீழே தங்கச்சி எழுதியிருந்தாள்: "பிரான்ஸில இருபத்துநாலு இரவுதான் சாப்பிடுறது அக்கா. உங்களுக்கும் எடுத்து வச்சிருக்கு."

எடுத்து வைத்திருக்காம்! என் வீட்டில், நான் பூசி வைத்த வான்கோழியில், எனக்கு!

போனைப் பைக்குள் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன். விடிந்ததும் மனதைச் சமாதானப்படுத்தினேன். மிச்சத்தைச் சூடாக்கி மூன்று பேரும் இருந்து சாப்பிட்டால் போயிற்று. அடுத்த ஷிப்டுக்கு வரவேண்டியவள் பனியில் மாட்டியதால் வெளிக்கிடப் பத்தரை ஆகிவிட்டது.

தெருவுக்குள் காரைத் திருப்பினால், இரண்டு பேரும் ஜாக்கெட்டும் சப்பாத்துமாய் வாசலில் நிற்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா வருகிறாள் என்று இந்தக் குளிருக்குள் வந்து நிற்கிறார்களே! பைத்தியக்காரி நான்.

தம்பி ஓடிவந்து கண்ணாடியில் தட்டினான். "எஞ்சினை நிப்பாட்டாதேங்கோ அக்கா, சூடாய் இருக்கட்டும். பக்கத்து மார்க்கம் டவுனில தங்கச்சியின்ர சிநேகிதி வீட்ட மத்தியானச் சாப்பாடு."

"எப்ப சொன்னவை?"

"போன கிழமையே சொல்லிப்போட்டினம்," என்றாள் தங்கச்சி. "நீங்கள் களைச்சுப்போனீங்கள். சாப்பிட்டிட்டுப் படுங்கோ."

பிரான்ஸும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சிநேகிதி வீட்டு விருந்துக்காகத்தான் என்னை விட்டுவிட்டு இரவே சாப்பிட்டு முடித்திருக்கிறார்கள். இறங்கினேன். நான் இருந்த சீட்டில் தம்பி ஏறி இருந்தான்.

"உங்களோட இருந்து சாப்பிடத்தானடா நான் இண்டைக்கு லீவு எடுத்தனான்," என்றேன். குரல் எனக்கே பிச்சை கேட்பதுபோல் இருந்தது.

"திரும்பி வரச் சாமமாகும், நாளைக்கு விடியவெல்லோ எங்களுக்குப் பிளேன். அடுத்த முறை பாப்பம் அக்கா," என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றினான்.

அடுத்த முறையாம். இந்த முறைக்கே இருபத்தெட்டு வருடம் எடுத்தது.