எட்டு இருக்கை கேட்டவன்

மெல்போர்னின் இந்தப் புறநகரில் ஒரே ஒருவர் அமர்ந்திருந்தாலும் வண்டி புறப்பட்டுவிடுகிறது. இது டாக்சி அல்ல; கைபேசியில் அழைத்தால், அதே வழியில் செல்லும் அயலார் சிலரையும் ஏற்றிக்கொண்டு வரும் பகிர்வு வேன். மூன்றாண்டுகள் இதில் பயணம் செய்த பின்னும், என் மனம் ஆள் சேரட்டும் என்றே காத்திருக்கும்.

எங்கள் மலையூரான வட்டவடையில் பன்னிரண்டு பேர் சேராமல் மூணாறு ஜீப் நகராது. நோயாளி உண்டென்றால் மட்டும், ஒருவரே எல்லா இருக்கைகளையும் கேட்டுக்கொள்ளலாம். ஜீப் அக்கணமே கிளம்பும். என் மனைவி பேச்சியம்மாளுக்குப் பிரசவ வலி கண்ட காலையில் நான் அப்படித்தான் கேட்டேன். கேரட் மூட்டைகளுடன் அமர்ந்திருந்தோர் மூட்டைகளோடு இறங்கினர். "ஏத்துங்கண்ணே. மூடை நாளைக்கும் மூணாறு போகும், புள்ள காத்திருக்குமா?" என்றார் ஓட்டுநர். அன்று பிறந்த செல்விதான் இங்கே செவிலியாகி எங்களை வரவழைத்தவள்.

சென்ற மாதம் பேச்சியம்மாளைப் பக்கவாதம் வீழ்த்தியது. மூன்றாம் நாள் காலை மருத்துவமனையிலிருந்து செல்வி அழைத்தாள். "யப்பா, அம்மா கண்ணத் தொறந்துட்டா. பேசுறா. ஒங்களத்தான் கேக்கா, வெரசா வாங்க."

நான் தனியே அழைக்கப் பழகியிருந்தது அந்த வேன் ஒன்றைத்தான். ஊரில் இதை வாசிப்பவர்களே, நீங்கள் என்னை மூடன் என்று சொல்லமாட்டீர்கள்: உடனே கிளம்ப வேண்டுமே என்று, பயணிகள் எத்தனை என்ற இடத்தில், வேனின் மொத்த இருக்கைகளான எட்டையும் கேட்டு அழுத்தினேன். வண்டி இல்லை என்று பதில் வந்தது. மீண்டும் எட்டு. மீண்டும் இல்லை. தெருமுனைக்கு ஓடினேன். ஒரு மூதாட்டியை இறக்கிவிட்டு நின்ற வேனை மறித்து, "எயிட் சீட்! ஹாஸ்பிடல்! மை வைஃப்!" என்றேன். ஓட்டுநர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வேர் ஆர் தி அதர் செவன், மேட்?"

"நோபடி. ஒன்லி மீ."

மூன்று இடமே உள்ளது என்று விரல்களைக் காட்டி, வருந்தி, போய்விட்டார். எனக்கு வேண்டியது ஓர் இடம்தான் என்று சொல்ல எனக்கே தோன்றவில்லை.

இறங்கிய மூதாட்டி என் கைபேசியை வாங்கி எட்டை ஒன்றாக்கினார். பத்து நிமிடங்களில் வந்த வேறொரு வேன் பள்ளிக்கூடம், கடைத்தெரு என வளைந்து வளைந்து சென்றது. உள்ளே இருந்த நால்வரும் நல்லவர்களாகவே தெரிந்தனர். இறங்குங்கள் என்று கேட்கும் ஆங்கிலம் என்னிடம் இல்லை; கேட்டால் இறங்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை.

வார்டு வாசலில் செல்வி நின்றாள். நோய் இரண்டாம் முறை தாக்கிப் பேச்சு போய்விட்டதாம்.

"கடைசியா என்னம்மா சொன்னா?"

"ஜீப்புக்கு ஆளு சேந்திருக்காது, அதான் அவுகளக் காணோம்னு சொன்னாப்பா."

இனிப் பேச்சு திரும்பாது என்கிறார்கள். ஊருக்குக் கொண்டுபோக விமானத்தில் ஏற்றவும் கூடாதாம். நாள்தோறும் அவள் கட்டிலருகே அமர்கிறேன். அவளுடைய இடக்கை என் விரல்களை இறுகப் பற்றி, எழுந்து போகலாம் என்பதுபோல் இழுக்கிறது. வலக்கை படுக்கையின்மேல் போட்டது போட்டபடி கிடக்கிறது. இரண்டையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.