ஒரு மாதம் தங்கப் போனவர் மூன்றாம் நாள் திரும்பிய மெல்போர்ன் பயணம்

மகளுக்கு மெல்போர்னில் பிரசவம், சாமான் அதிகம், சிட்னியிலிருந்து ரயிலில் போகலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். நான் 1978 மே மாதம் அப்படித்தான் போனேன். என் மகளுக்காக அல்ல, பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்காக. ரயில் கட்டணமெல்லாம் அப்புறம் எத்தனையோ முறை ஏறிவிட்டது. மற்ற விஷயம் மாறியதாகத் தெரியவில்லை, அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

அக்காவின் பெயர் சியூ லான். கான்டனீஸ் பேசும் சீனர், மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர். கணவர் சிட்னியில் ஒரு சீன உணவகத்தில் சமையல்காரர். நாங்களும் ஈப்போதான். சிட்னி ஆஷ்ஃபீல்டில் நாங்கள் குடிவந்த அன்று வேலிக்கு மேல் தலையை நீட்டி, "சாப்பிட்டாச்சா?" என்று மலாயில் கேட்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் பேச்செல்லாம் மலாய்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன், அவர் வாயில் ஒட்டிக்கொண்ட அந்த ஊர் 'லா'வை மட்டும் அப்படியே விடுகிறேன்.

அவருடைய ஒரே மகள் ஹெலன் பத்து வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள். அம்மா பேசும் சீனம் அவளுக்குப் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். ஆலன் என்ற வெள்ளைக்காரரைக் கட்டிக்கொண்டு மெல்போர்னில் கிளென் வேவர்லியில் இருந்தாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்ததும், "தலைப்பிரசவம் ஆச்சே, இங்கே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றேன். நம் வழக்கம் அதுதானே. அக்கா பதறிப்போனார்.

"பிள்ளை பெத்து ஒரு மாசம் முடியாத பெண் அம்மா வீட்டுப் படி ஏறக் கூடாது லா! ரெண்டு வீட்டுக்கும் ஆகாது. மாமியார்தான் பார்க்கணும்."

"மாமியார் பார்க்கிறாங்களா?"

"பூங்கொத்து அனுப்பியிருக்காங்க. பூவை வேகவெச்சா கொடுக்க முடியும்?"

எனவே அக்காவே போய் ஒரு மாதம் தங்கிப் பத்தியம் பார்ப்பதென்று முடிவானது. அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. நான் துணைக்குப் போய்விட்டு, திங்கட்கிழமை திரும்புவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிவாக்கில் சிட்னி சென்ட்ரல் நிலையத்தில் பகல் வண்டி ஏறினோம். ஏறத்தாழ 960 கிலோமீட்டர், பதின்மூன்று மணி நேரம். இரண்டு பேருக்கும் சேர்த்து நாற்பது டாலருக்குச் சற்று மேல் ஆனது. சாமான்: பிள்ளை பெற்றவளுக்கென்று கறுப்பு வினிகரில் இஞ்சியும் முட்டையும் பன்றிக்காலும் போட்டுக் காய்ச்சிய பெரிய ஜாடி ஒன்று, நல்லெண்ணெய், சிவப்புப் பேரீச்சை, இன்னும் ஐந்து கிலோ இஞ்சி. நான் வெள்ளிக்கிழமை கவிச்சி தொடமாட்டேன். அக்கா ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, "உன் சாமிக்குக் கோபம் வராம நீ இஞ்சியைப் பிடி" என்றார். கோல்பர்ன் வருவதற்குள் பெட்டி முழுக்க வினிகர் வாசம். எதிரே இருந்த வெள்ளைக்கார அம்மாள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "அட, ரயில்வேகாரர்கள் ஒருவழியாக வினிகர் போட்டு ஜன்னலைத் துடைத்திருக்கிறார்கள் போல" என்றார். நான் மலாயில் சொன்னதும் அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தப் பயணத்தில் அவர் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

ஸ்பென்சர் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு ஆலன் காருடன் வந்திருந்தார். வீடு போய்ச் சேரும்போது ஹெலன் தூங்கிவிட்டாள். மறுநாள் காலைதான் குழந்தையைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் குழந்தையைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு சீனத்தில் ஏதோ சொல்லி, எனக்காக மலாயிலும் சொன்னார். "எவ்வளவு அசிங்கம்! மூக்கைப் பாரு, நசுங்கிப்போய்! சரியான பன்றிக்குட்டி."

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பிள்ளையை அழகென்றால் பேய் காதில் விழுந்துவிடும் என்பது அவர்கள் பயம். நாம் கன்னத்தில் மை வைப்பதில்லையா? ஆனால் ஹெலன் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "பால் கொடுக்க நேரமாச்சு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். மதியம் வினிகர் கிண்ணத்தைத் தொடவில்லை. தலைக்குக் குளித்து, சொட்டச் சொட்ட ஈரத்தோடு அம்மா முன்னால் வந்து நின்றாள். மாதம் முடியும் வரை தலையில் தண்ணீர் படக் கூடாது என்பது அக்காவின் சட்டம்.

கொல்லையில் துணி காயப்போடும்போது நான் அவளிடம் பேசிப் பார்த்தேன். என் ஆங்கிலம் வானொலி கேட்டுக் கற்றது. இருந்தாலும் திருஷ்டி, மை, மிளகாய் சுற்றிப்போடுவது எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் ஆன்ட்டி," என்றாள். "பத்து வயசுலேயே தெரியும். ஆனா ஸ்கூல்லயும் என் மூக்கைப் பார்த்து இதையேதான் சொன்னாங்க. வீட்டுக்கு வந்தா அம்மாவும் அதையேதான் சொல்றாங்க. ஒண்ணு பேய்க்காக, இன்னொண்ணு நிஜம்னு அந்த வயசுல எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?" ஒரு துணியை உதறிக் கொடியில் போட்டாள். "என் பொண்ணுக்கு இது வேண்டாம். அம்மா ஒரே ஒரு தடவை அழகா இருக்கான்னு சொல்லட்டும். ஒரு மாசம் என்ன, ரெண்டு மாசம் இருக்கட்டும். அந்தப் பன்றிக்காலையும் தின்னுடறேன். சொல்லலேன்னா இருக்க வேண்டாம்."

அப்படியே போய் அடுப்படியில் அக்காவிடம் சொன்னேன். இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"முடியாது."

"ஒரு வார்த்தைதானே அக்கா. மெதுவா, காதோட சொல்லுங்க."

"முடியாது லா. என்னை விட்டுடு."

அப்போதெல்லாம் சிட்னியில் மேய்ஸ் ஹில் முருகன் கோயில்கூடக் கிடையாது, மெல்போர்னில் எனக்கு எதுவுமே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னல் பக்கம் நின்று, முருகா, இந்தப் பொம்பளை வாயில் ஒரு வார்த்தை வரட்டும் என்று வேண்டினேன். ஹெலன் தொட்டிலருகே காத்திருந்தாள். அக்கா குனிந்தார். வாயைத் திறந்தார், மூடினார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. கடைசியில், "எருமைக் காது" என்றார்.

ஹெலன் கத்தவில்லை, அழவுமில்லை. "அம்மா, நாளைக்கு ஆன்ட்டியோடயே போயிடுங்க. வீட்டுக்கு நர்ஸ் வருவாங்க" என்றாள். அக்கா பெட்டியை அடுக்கினார்.

திங்கட்கிழமை பகல் வண்டி. ஆல்பரி தாண்டியதும் அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். ஹெலனுக்கு முன்னால் ஈப்போவில் அவருக்கு ஒரு மகன் பிறந்திருக்கிறான். மாதம் நிறைந்த விருந்தில், ஊரார் எல்லாரும் பார்க்க அவனைத் தூக்கிப் பிடித்து, என் பிள்ளையைப் போல் அழகு இந்தத் தெருவிலேயே இல்லை என்று இவரே சொல்லியிருக்கிறார். மூன்றாம் மாதம் குழந்தை போய்விட்டது.

"அன்னிக்கு மூடின வாய்," என்றார்.

"இதை ஹெலன்கிட்டே சொன்னீங்களா?"

"மாசம் முடியாத பெண்கிட்டே செத்த குழந்தை கதை சொல்வாங்களா? உங்க ஆளுங்க சொல்வீங்களா?"

சொல்லமாட்டோம்.

மாதம் முடிந்தது, வருடங்களும் முடிந்தன. அக்கா சொல்லவில்லை. நான் சொல்லட்டுமா என்று இரண்டு தடவை கேட்டேன். "என் வாயால கெட்டது, நான்தான் சொல்லணும்" என்று தடுத்துவிட்டார். ஹெலன் சிட்னிக்கு வருவாள், நல்லபடியாகப் பேசுவாள், ஆனால் தங்குவது விடுதியில். அக்கா காலமான பிறகுதான் நான் அவளிடம் சொன்னேன். "அண்ணனுக்கு என்ன பேர் ஆன்ட்டி?" என்று கேட்டாள். அக்கா என்னிடம் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை.

வாசகிக்கு: பகல் வண்டியே நல்லது, சாமானை ஏற்றி இறக்க வெளிச்சம் வேண்டும். திரவமாக எதையும் கொண்டுபோகாதீர்கள், இப்போது மெல்போர்னில் எல்லாம் கிடைக்கிறது. சுக்கும் பூண்டும் மட்டும் போதும். திரும்பும் சீட்டைத் தேதி போட்டு வாங்காதீர்கள், மகள் எத்தனை நாள் இருக்கச் சொல்வாள் என்று இப்போதே தெரியாது. பேரப்பிள்ளைக்குக் கண் பட்டுவிடும் என்று பயமாக இருந்தால் மை வையுங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள், நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் பெற்றவளை நிமிர்ந்து பார்த்து, நீ அழகாக இருக்கிறாய் என்று சொல்லிவிடுங்கள். அவள் வளர்ந்தவள், கண் பட்டாலும் தாங்குவாள்.