மாற்றியதாகச் சொன்ன மவுண்டிங்

அம்மாவுக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்த பிறகுதான் என் காரின் நடுக்கம் எனக்கு உறைத்தது. பதினெட்டு வருடக் கார். சிக்னலில் நின்றால் இருக்கை வரை அதிரும். ரிவர்ஸ் கியர் போட்டால் அடியில் யாரோ சுத்தியலால் தட்டியதுபோல் ஒரு சத்தம் வரும். எனக்குப் பழகிவிட்டது. வாரம் ஒருமுறை அதில் சிகிச்சைக்கு வரும் அம்மாவுக்கு அது ஒவ்வொரு முறையும் புது வலி.

வழக்கமாக என் காரைப் பழுது பார்ப்பவனிடம் கொண்டுபோனேன். எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீட்டில் வளர்ந்தவன், என்னைவிட ஆறு வயது இளையவன். அவனுடைய தாய் இறந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். இப்போது நாற்பதைத் தாண்டி, ஜெலுத்தோங்கில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். என் அம்மாவை அவனும் அம்மா என்றே கூப்பிடுவான்.

பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தான். "என்ஜின் மவுண்டிங் போச்சுக்கா. கியர்பாக்ஸ் மவுண்டிங்கும் போச்சு. என்ஜினைத் தாங்குற ரப்பர் எல்லாம் கிழிஞ்சிடுச்சு. அதான் ஆட்டம் நேரா காடிக்குள்ள வருது." எங்கள் ஊரில் கார் என்றால் காடிதான்.

"அம்மாவால உக்கார முடியல தம்பி. எல்லாத்தையும் புதுசா மாத்திடு."

"அம்மாவுக்குன்னா நான் விட்டுடுவேனா?"

இரண்டு நாள் கழித்துக் கார் வந்தது. ஒரு பெட்டியில் கிழிந்த ரப்பர் துண்டுகளைக் காட்டி, "இதெல்லாம் உங்களோடது" என்றான். நான் கடல் பாலத்துக்கு அக்கரையில் உள்ள புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக வேலை செய்கிறேன். விரல் நகம் அளவுள்ள பாகங்களில் மயிரிழை விரிசலைத் தேடுவதுதான் என் பிழைப்பு. அந்தப் பெட்டிக்குள் நான் கையைக்கூட விடவில்லை.

முதல் வாரம் கார் அமைதியாக ஓடியது. மூன்றாவது வாரம் அதே அதிர்வு, அதே தட்டல். போய்ச் சொன்னேன். "புது ரப்பர்லா அக்கா, செட் ஆகக் கொஞ்ச நாளாகும்" என்றான். நம்பினேன். வீட்டில் அம்மாவிடமும் அதையே சொன்னேன். அதன் பிறகு காரில் நான் கேட்கும்போதெல்லாம், "இப்ப தேவலைம்மா" என்பாள்.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து திரும்பும்போது, ஜுரு அருகே காரின் முன்பக்கம் தட்டிக்கொண்டே வந்தது. பாலம் ஏறப் பயமாக இருந்தது. கண்ணில் பட்ட ஒரு சீனரின் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அவர் காரைத் தூக்கி நிறுத்தி, விளக்கைப் பிடித்து என்னை அடியில் அழைத்தார். மவுண்டிங்கின் மேல் புதுக் கறுப்புப் பெயின்ட் இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். உள்ளே துரு. ரப்பர் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புப் பசையை அடைத்து வைத்திருந்தார்கள். அதுவும் இரண்டாகப் பிளந்திருந்தது.

"இது மாத்தவே இல்லை. எந்தக் கடை?" என்று மலாயில் கேட்டார்.



புது மவுண்டிங்குகளை அங்கேயே போடச் சொன்னேன். கழற்றிய ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஜெலுத்தோங் போனேன். பையைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. துணியில் கையைத் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

"பழைய காடிக்கா. சாமான் கெடைக்கல. கெடைச்சதும் மாத்திடலாம்னு இருந்தேன்."

"அப்ப பெட்டியில காட்டினது?"

"அது வேற காடியோடது."

"எனக்கு சனிக்கிழமை ஒரே நாள்ல கெடைச்சுதே. கெடைக்கலன்னாலும் சொல்லியிருந்தா நான் காத்திருப்பேனே. ஏன் சொல்லல?"

தரையைப் பார்த்தபடி சொன்னான்: "நீங்க பாக்கமாட்டீங்கன்னு தெரியும்கா."

பொய்யைக்கூடத் தாங்கியிருப்பேன். இந்த உண்மையைத் தாங்க முடியவில்லை. இத்தனை வருடம் நான் அவன்மேல் வைத்திருந்த நம்பிக்கை அவனுக்கு ஒரு வசதியாக மட்டுமே இருந்திருக்கிறது. பையை அவன் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரே மூச்சில் சொன்னேன். அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ வேலைக்குப் போயிருந்தப்ப வந்தான். அழுதான். ஒர்க்‌ஷாப் சரியா ஓடலயாம், சாமான் வாங்கக் காசில்லையாம். அக்காகிட்ட சொல்லிடாதீங்கம்மா, நானே சரி பண்ணிடுறேன்னான்."

"எப்ப?"

"ஒரு மாசம் இருக்கும்."

ஒரு மாதம். நாலு முறை என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். நாலு முறையும் நான் திரும்பிப் பார்த்து, "வலிக்குதாம்மா?" என்று கேட்டிருக்கிறேன்.

"வலி உங்க முதுகுலம்மா. நீங்க அவனுக்காகப் பொய் சொன்னீங்களா?"

"சொன்னா அவன ஒதுக்கிடுவ. அவனுக்கு வேற யாரு இருக்கா?"

"எனக்கு?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

கார் இப்போது சிக்னலில் நின்றால் என்ஜின் ஓடுவதே தெரிவதில்லை. அம்மாவைச் சிகிச்சைக்கு அழைத்துப் போகிறேன், கூட்டிவருகிறேன். முதுகு எப்படி இருக்கிறது என்று இப்போதெல்லாம் அவளிடம் கேட்பதில்லை, சிகிச்சை அளிக்கும் பெண்ணிடம் கேட்டுக்கொள்கிறேன். சில நாள் வேலை முடிந்து வரும்போது, பகலெல்லாம் அம்மா மட்டும் இருக்கும் வீட்டில், கழுவும் தொட்டியில் இரண்டு காப்பிக் கோப்பைகள் கிடக்கின்றன. இரண்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் அறைக்குப் போய்விடுகிறேன்.