ஆடி மாதத்துக்கு அப்ரூவல் இல்லை

ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவன் நோயை மட்டும் பார்த்தால் போதும் என்று ஏ.சி. அறையில் உட்கார்ந்து யாரோ ஒருவர் முடிவு செய்துவிட்டார். அதற்குத் தென்னூர் ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் நின்று நான் கத்திக்கொண்டிருக்கிறேன். ஆமாம், இன்சூரன்ஸ் கம்பெனி ஐயா, உங்களைத்தான் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் அன்று காலையிலிருந்து சாயங்காலம்வரை அப்ரூவலுக்காகக் காத்துக் கிடந்த வாசகர்களே, நீங்களே சொல்லுங்கள் நியாயத்தை.

சுவருக்கு ஒரு கோடு

ஸ்ரீரங்கத்துத் தனலட்சுமி அக்கா மூச்சுத்திணறலோடு வந்து படுத்தார். முன்பும் இதே நோய், இதே வார்டு. விசாரித்தால், மாடி வீட்டுக் குளியலறைத் தண்ணீர் அக்காவின் படுக்கையறைச் சுவரில் இறங்குகிறதாம். பில்லில் நோய்க்கெல்லாம் கோடு, அதாவது குறியீட்டு எண், போடுகிற நித்யா, நோய்க்கான கோடோடு 'மோசமான வீடு' என்பதற்கான கோடையும் சேர்த்துப் போட்டாள். அப்படி ஒரு கோடு நிஜமாகவே இருக்கிறது. அதற்கு இன்சூரன்ஸ் பணம்தான் வராது.

நான் விடுவேனா? காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டைக்குப் பேரம் பேசி வளர்ந்தவன். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனைப் போட்டுக் கத்தினேன். ஐயா நிதானமாகச் சொன்னார்: "சுவருக்கு உடம்பு சரியில்லைன்னா அதுக்கு நாங்க என்ன சார் பண்றது?"

போக வீடு இல்லை

அக்கா தேறிவிட்டார். "அந்த ஈர வீட்டுக்குத் திரும்பினா மறுபடி இங்கதான் வரணும்" என்று டாக்டர் எச்சரித்து டிஸ்சார்ஜ் எழுதினார். சென்னையிலிருக்கும் மகன் காட்டூரில் நல்ல வீடாகப் பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். ஆனால் அக்கா கட்டிலை விட்டு இறங்கவில்லை.

"ஆடியில யாராவது வீடு மாறுவாங்களா தம்பி? ஆவணி பொறக்கட்டும்."

ஆவணிவரை படுக்கைக்கு இன்சூரன்ஸ் தராது. மகன் கைப்பணம்தான் போகும். இரண்டு நாள் கூடுதலாக ஓடியும்விட்டது. நித்யா தலையில் கைவைத்தாள்: "அண்ணே, நோய்க்குக் கோடு இருக்கு, வீட்டுக்கும் கோடு இருக்கு. ஆடிக்கு எங்க போறது?"

விருந்துக்குத் தடை ஏது?

எனக்குக் கோபம் வந்தால் மூளை வேலை செய்யும். நேரே வார்டுக்குப் போனேன்.

"அக்கா, ஆடியில வீடுதானே மாறக்கூடாது? விருந்துக்குப் போகலாம்ல?"

"போகலாமே."

"அப்ப ஒரு பையோட காட்டூர் போங்க. சாமான் ஸ்ரீரங்கத்துலயே கிடக்கட்டும். ஆவணியில பால் காய்ச்சிக் குடி போங்க. அதுவரைக்கும் நீங்க விருந்தாளி."

அக்கா முகத்தில் சிரிப்பு வந்தது. அடுத்து காட்டூர் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"தாராளமா வரட்டுங்க. வாடகை மட்டும் இன்னைலேர்ந்து..."

"விருந்தாளிகிட்ட வாடகை கேப்பீங்களாங்க? ஊர் சிரிக்காது?"

அவரே சிரித்துவிட்டார். "ஆளை விடுங்க சார், ஆவணியிலேர்ந்தே கொடுக்கட்டும்."

வார்டே கைதட்டியது. செருப்பை மாட்டிக்கொண்டே அக்கா கேட்டார்: "விருந்தாளின்னா வடை, பாயசம் உண்டான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா தம்பி?"

ஆடிக்குக் கோடு கேட்கவில்லை ஐயா. போக நல்ல வீடில்லாமல் அக்கா படுத்திருந்த அந்த இரண்டு நாளுக்காவது ஒழுங்காக அப்ரூவல் போட்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் நானே ஒரு பையோடு உங்கள் ஆபீசுக்கு விருந்தாளியாக வருகிறேன்.